வெள்ளிக்காரரைச் சந்தித்தேன் என்றவர்களை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 2

ஜார்ஜ் ஆடம்ஸ்கி என்ற அமெரிக்கர் புளுகினார் என்பது அறுபது வருடத்துக்கு முன்பே தெரிந்துபோன விஷயம். ஈயமே உருகி ஓடும் கிரகம் வெள்ளி. அங்கிருந்து தோள்வரை முடி வளர்த்த ஒரு அழகன் இறங்கி வந்து கைகாட்டிப் பேசினான் என்று சொன்ன ஆளைப் பற்றி ஆயுள் முழுக்கக் காகிதம் சேர்த்தவர்கள் இருக்கிறார்களாம். இது ஆராய்ச்சியா, பொழுதுபோக்கா?

பிப்ரவரி 2, இரவு 11 மணி

ஆராய்ச்சிதான். எனக்கு இதில் இருபது வருடப் பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக. 1947 ஜூன் 24இல் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்கள் பறப்பதைப் பார்த்தேன் என்றார். பறக்கும் தட்டு என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வந்தது. அடுத்த ஐந்தாறு வருடத்தில் இன்னொரு வகை ஆட்கள் கிளம்பினார்கள். வானத்தில் ஏதோ பார்த்தேன் என்பதோடு இவர்கள் நிற்கவில்லை. அதை ஓட்டி வந்தவரோடு பேசினேன், அவர் நல்லவர், அணுகுண்டு வேண்டாம் என்றார் என்று சொன்னார்கள். ஆங்கிலத்தில் கான்டாக்டீ என்பார்கள், நான் சந்தித்தவர்கள் என்றே எழுதுகிறேன். ஜார்ஜ் ஆடம்ஸ்கி, ஜார்ஜ் வான் டாசல், ட்ரூமன் பெத்துரம், டேனியல் ஃப்ரை, ஆர்ஃபியோ ஆஞ்செலூச்சி. ஏறக்குறைய எல்லாரும் கலிஃபோர்னியா, நெவாடா பாலைவனத்தைச் சுற்றியே வாழ்ந்தவர்கள்.

ஆடம்ஸ்கியின் கதை 1952 நவம்பர் 20, வியாழக்கிழமை. டெசர்ட் சென்டர் என்ற சின்ன ஊருக்கு வெளியே, கூட வந்த ஏழு பேரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். பழுப்பு நிற உடை போட்ட ஒருவர் எதிரில் வந்தார். வெள்ளியிலிருந்து வருவதாகச் சைகையாலும் மனத்தாலும் சொன்னார். குண்டு வெடிப்பதைக் காட்டக் கையால் பெரிதாக ஒரு காளான் வரைந்தார். போகும்போது மணலில் காலடி பதித்துவிட்டுப் போனார், அந்தச் செருப்பின் அடியில் குறிகள் இருந்தன.

உண்மையா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கணிப்பு. ஆனால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய கதை கைக்கு வராமலே போய்விடும்.

பிப்ரவரி 3, காலை

திருத்தம். கூட வந்தவர்கள் ஏழு பேர் இல்லை, ஆறு பேர். ஆடம்ஸ்கியைச் சேர்த்தால்தான் ஏழு. ஆலிஸ் வெல்ஸ், லூசி மெகின்னிஸ், ஜார்ஜ் ஹன்ட் வில்லியம்சன், அவர் மனைவி, பெய்லி தம்பதி. ஆறு பேரும் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டார்கள், நான்கே நாளில் ஃபீனிக்ஸ் நகரப் பத்திரிகையில் செய்தியும் வந்துவிட்டது.

இன்னொன்று. ஆடம்ஸ்கியைப் பலோமர் வானாய்வகத்தின் விஞ்ஞானி என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். அவர் மலையடிவாரத்தில் ஆலிஸ் வெல்ஸ் நடத்திய சின்ன உணவுக் கடையில் இருந்தவர். மேலே 200 அங்குலக் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி, கீழே இவருடைய 6 அங்குலம். புரொபசர் என்பது சீடர்கள் வைத்த பட்டம்.

பிப்ரவரி 3, மதியம்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பாலைவனத்துக்குப் போனவர்கள் காலடியை அச்செடுக்கிற பாரிஸ் சாந்தைக் காரில் எதற்கு வைத்திருந்தார்கள்? நல்ல கேள்வி. எனக்கும் இதுதான் முதலில் உறுத்தியது. வில்லியம்சன் தன்னை மானுடவியல்காரர் என்று சொல்லிக்கொண்டவர், அப்படிப்பட்டவர் கையில் இருக்கும் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

1950களில் ஜிம் மோஸ்லி என்ற இளைஞர் இந்தச் சாட்சிகளைத் தேடிப் போய்ப் பேசித் தன் பத்திரிகையில் போட்டார். கப்பலையும் பார்க்கவில்லை, அந்த ஆளையும் பார்க்கவில்லை என்று ஆல் பெய்லி அவரிடம் சொன்னார். கையெழுத்துப் போட்டவரே இப்படிச் சொன்னால் அப்புறம் என்ன மிச்சம் என்று நானும் அங்கேயே புத்தகத்தை மூடி வைத்தவன்தான்.

அப்புறம்தான் லூசி மெகின்னிஸ் பற்றிப் படித்தேன். வருடக்கணக்கில் ஆடம்ஸ்கியின் செயலாளராக இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் அவர் போக்குப் பிடிக்காமல் விட்டுப் போனவர். காட்டிக்கொடுக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் வயதான பிறகு கேட்டவர்களிடமும், அன்று பாலைவனத்தில் பார்த்தேன் என்பதை அவர் மாற்றிச் சொல்லவில்லை.

அவர் சொன்னதால் வெள்ளிக்காரர் வந்தார் என்று ஆகாது. ஒரே மணலில் நின்ற ஆறு பேரில் ஒருவர் இல்லை என்கிறார், சண்டை போட்டுக்கொண்டு போன இன்னொருவர் ஆமாம் என்கிறார். இதை ஒருவர் போய்க் கேட்டு எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. அந்த வேலையைத்தான் ஆராய்ச்சி என்கிறேன்.

பிப்ரவரி 5

இப்போது நான் சொல்ல நினைத்தவருக்கு வருகிறேன். லூ சின்ஸ்டாக்.

சுவிட்சர்லாந்து, பாசல் நகரத்துப் பெண்மணி. மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங்கின் உறவுக்காரர். பறக்கும் தட்டு பற்றி யுங் எழுதும் காலத்தில் அவருக்குச் செய்திகளும் தாள்களும் சேகரித்துக் கொடுத்தவர். ஆடம்ஸ்கியை நம்பினார், அவருக்காக ஐரோப்பாவில் பல வருடம் உழைத்தார். 1959இல் ஆடம்ஸ்கி உலகச் சுற்றுப்பயணம் வந்தபோது மே 18ஆம் தேதி நெதர்லாந்து ராணி ஜூலியானாவே அவரை அரண்மனைக்கு அழைத்துப் பேசினார், அந்த நாட்டுப் பத்திரிகைகள் ராணியைக் கிழித்துத் தோரணம் கட்டின. அந்தப் பயணத்தில் சுவிட்சர்லாந்துப் பக்கம் பார்த்துக்கொண்டவர் லூ.

1963 மே 31. ரோம். புனித பீட்டர் சதுக்கத்தில் லூவும் இன்னொரு பெண்மணியும் நிற்கிறார்கள். ஆடம்ஸ்கி ஒரு கதவைப் பார்த்து நடக்கிறார், மறைகிறார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பி வருகிறார், போப்பைப் பார்த்தேன், கொண்டுவந்த செய்தியைக் கொடுத்துவிட்டேன் என்கிறார். பிறகு ஒரு பதக்கத்தையும் எடுத்துக் காட்டுகிறார். அப்போது போப் இருபத்துமூன்றாம் ஜான் சாகக் கிடக்கிறார். ஜூன் 3ஆம் தேதி இறந்தே போனார். மரணப் படுக்கையில் இருப்பவரை, தேவாலயத்தில் பெரிய பதவி எதுவும் இல்லாத ஒரு அமெரிக்கர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? பதக்கம் கடையில் கிடைக்கிற சாமான்தான் என்றார்கள் மறுப்பவர்கள்.

லூ என்ன செய்தார் பாருங்கள். தான் கண்டதை மட்டும் எழுதினார். போனதைப் பார்த்தேன், வந்ததைப் பார்த்தேன், உள்ளே நடந்ததைப் பார்க்கவில்லை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நம்பிக்கை உள்ளவர் கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! கொஞ்ச காலத்தில் ஆடம்ஸ்கியின் பேச்சு போகிற போக்கு பிடிக்காமல் அவரை விட்டும் விலகினார். விலகியவர் காகிதங்களை எரிக்கவில்லை. 1983இல் டிமோதி குட் என்ற ஆங்கிலேய எழுத்தாளரோடு சேர்ந்து, நல்லதும் கெட்டதும் கலந்து ஆடம்ஸ்கி பற்றி ஒரு நூல் எழுதினார். அடுத்த வருடம் இறந்தார்.

நம்பி, சண்டை போட்டு, விலகி, இருபது வருடம் கழித்தும் அந்த மனிதருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று நினைத்த ஒருவரை வேறு எந்தத் துறையில் பார்க்கலாம்? எனக்குத் தெரிந்து குடும்பத்தில்தான் பார்க்கலாம்.

பிப்ரவரி 5, சற்று முன்

வெள்ளிக்காரர் எந்த மொழி பேசினார், தமிழ் தெரியுமா என்று அக்கா கேட்டதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். தெரிந்தால் முதலில் நம் பக்கம் அல்லவா இறங்கியிருப்பார்!

பிப்ரவரி 6

மின்மினி விஷயம் கேட்டவருக்கு. 1955இல் வந்த ஆடம்ஸ்கியின் புத்தகத்தில் விண்வெளியில் மின்மினிப்பூச்சி மாதிரி ஒளிப்பொட்டுகள் பறந்தன என்று இருக்கிறது. 1962 பிப்ரவரி 20இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது வெளியே மின்மினிகள் போலத் தெரிகிறது என்று அவரும் சொன்னார். ஆதரவாளர்களுக்குக் கொண்டாட்டம். மூன்று மாதத்தில் ஸ்காட் கார்பென்டர் மேலே போனார், கலத்தின் சுவரைக் கையால் தட்டினார், பொட்டுகள் உதிர்ந்தன. கலத்தின் மேல் படிந்த உறைபனித் துகள்கள், அவ்வளவுதான்.

இதைவிடக் கனமான சான்று 1949இல் ஆடம்ஸ்கி பெயரில் வந்த நாவல். சந்திரன், செவ்வாய், வெள்ளிக்குப் போவதாகக் கற்பனைக் கதை. அதில் உள்ளதற்கும் 1955இல் நிஜ அனுபவம் என்று சொன்னதற்கும் இருக்கும் ஒற்றுமையைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் மனசு உட்கார்ந்துவிடும். எனக்கு உட்கார்ந்தது.

பிப்ரவரி 9

நேரில் போயிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். 2009இல் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் வேலையாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். டெசர்ட் சென்டரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பி 177ஆம் சாலையில் பத்துப் பதினொரு மைல் போனேன். பலகை இல்லை, கல் இல்லை, ஒன்றும் இல்லை. சரளைக்கல், முழங்கால் உயரத்துக்குச் செடி, தூரத்தில் மொட்டை மலை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். கால் வைத்த இடத்தில் மேல்மண் அப்பளம் மாதிரி நொறுங்கியது, திரும்பிப் பார்த்தால் என் செருப்பின் வரிகள் அச்சாகத் தெரிந்தன. பாரிஸ் சாந்து ஊற்றினால் நன்றாக வரும் என்று தோன்றியது. சாட்சிகள் நின்ற தூரத்தை மனசில் வைத்து, அரை மைல் தள்ளி நின்ற வண்டியைப் பார்த்தேன். பகல் பதினொரு மணிக்கு வண்டியே நெளிகிறது, கானல். அந்தத் தூரத்தில் ஒரு மனிதரைத் தொலைநோக்கியில் பார்த்து ஆலிஸ் வெல்ஸ் படம் வரைந்தார் என்பதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஏதோ பார்த்திருக்கலாம். என்ன பார்த்தோம் என்பது அங்கே நின்றால் யாருக்கும் அவ்வளவு உறுதியாக இருக்காது.

மறுநாள் லாண்டர்ஸ் பக்கத்தில் ஜெயன்ட் ராக். ஏழு மாடி உயரம் சொல்வார்கள், ஒரே பாறை. அதன் அடியில் ஒருவர் அறை குடைந்து வாழ்ந்தார், 1942இல் போலீஸ் வந்தபோது வெடிமருந்து வெடித்து இறந்தார். 1947இல் விமானத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த வான் டாசல் குடும்பத்தோடு வந்து அங்கே சின்ன விமான ஓடுதளம் நடத்தினார். 1950களில் தொடங்கி ஒவ்வொரு வருடமும் பறக்கும் தட்டு மாநாடு, ஆயிரக்கணக்கில் கார்கள். நம் ஊர்த் திருவிழாவில் கோயிலைச் சுற்றிக் கடை போடுகிற மாதிரிதான், சந்தித்தவர்கள் எல்லாரும் மேசை போட்டுத் தங்கள் புத்தகத்தையும் படத்தையும் விற்றார்கள். 2000ஆம் வருடம் பாறையில் ஒரு பெரிய துண்டு பிளந்து விழுந்துவிட்டது. வெளிப்பக்கம் வெயிலில் கறுத்து, பெயர் கிறுக்கி அசிங்கமாக இருந்தது. பிளந்த பக்கம் உப்பு மாதிரி வெள்ளை. கை வைத்தேன், அந்த வெயிலிலும் நிழல் பக்கம் ஜில்லென்று இருந்தது.

மூன்று மைல் தள்ளி வான் டாசல் மரத்தாலேயே கட்டிய வெள்ளைக் குவிமாடம், இன்டெக்ராட்ரான். வெள்ளிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது, உடம்பை இளமையாக்கும் என்றார். முடிக்காமலே 1978இல் போய்ச் சேர்ந்தார். இப்போது அங்கே படிகக் கிண்ணங்களை ஒலிக்கவிட்டுப் படுக்க வைக்கிறார்கள். படுத்தேன். அந்த நாதம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது, நெற்றிக்குள் கேட்கும்.

பிப்ரவரி 10

மோஸ்லியை நல்லவராகவே காட்டிவிட்டேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். சரிதான். 1957 டிசம்பரில், மோஸ்லியும் அவர் நண்பர் கிரே பார்க்கரும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிஜத் தாளில் ஆர். ஈ. ஸ்ட்ரெய்த் என்ற இல்லாத அதிகாரி பெயரில் ஆடம்ஸ்கிக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள்: உங்கள் சந்திப்பு உண்மை என்று எங்களுக்குத் தெரியும் என்று. பாவம், ஆடம்ஸ்கி அதை ஊரெல்லாம் காட்டினார். எஃப்பிஐ விசாரணைவரை போனது. 1984இல் பார்க்கர் இறந்த பிறகுதான் மோஸ்லி ஒப்புக்கொண்டார்.

புளுகைக் கண்டுபிடிக்கப் போனவரே புளுகை விதைத்தார். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆடம்ஸ்கி சொன்னது பொய்யாகவே இருக்கட்டும், ஒரு கிழவரை நம்ப வைத்து வேடிக்கை பார்ப்பது வேறு.

பிப்ரவரி 14

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு. சம்பந்தம் அடையாறில் இருக்கிறது.

1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் அடையாறுக்குக் குடிவந்தது. அங்கே சபையின் முக்கியஸ்தர்களில் ஒருவரான லெட்பீட்டர் மாலை நேரங்களில் சீடர்களிடம் மற்ற கிரகங்கள் பற்றி, செவ்வாயில் வாழும் மக்கள் பற்றியெல்லாம் பேசினார். மனித குலத்துக்கு வழிகாட்ட ஆதிகாலத்தில் வெள்ளியிலிருந்து சுடரின் அதிபதிகள் வந்தார்கள், அவர்களுக்குத் தலைவர் சனத்குமாரர் என்பது அவர்கள் போதனை. சாந்தோக்ய உபநிடதத்தில் நாரதருக்கு உபதேசம் செய்கிறாரே, அதே பெயர்தான். அந்தப் போதனை கடல் கடந்து கலிஃபோர்னியாவில் நன்றாக வேர் பிடித்தது. ஆடம்ஸ்கி தட்டு பார்ப்பதற்கு முன்பே, 1930களில், லகூனா பீச்சில் திபெத்தின் ராஜ சபை என்று ஒன்று நடத்திப் பாடம் சொன்னவர். அந்தக் குருமார்கள்தான் இருபது வருடத்தில் கப்பலேறி விண்வெளிச் சகோதரர்களாக வந்து இறங்கினார்கள்.

எங்கள் பெரியப்பா ஞாயிறுதோறும் அடையாறுக்குப் போவார். ஆலமரத்தடியில் உட்கார்ந்து கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து நீல மையில் நோட்டில் எழுதுவார். நாற்பது நோட்டுக்கு மேல் இருக்கும், தகரப் பெட்டியில், ரசகற்பூர உருண்டை போட்டு. அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். தராசில் தூக்கி வைத்ததில் நானும் ஒருவன், அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பெரியம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

அந்தப் பெட்டி கண்ணுக்குள் நிற்கிறது. லூ காகிதத்தை எரிக்கவில்லை என்று எழுதும்போது ஏன் அவ்வளவு அழுத்தினேன் என்றால் இதுதான்.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் அடையாறிலிருந்தே போனது என்கிற மாதிரி தொனிக்கிறது, அது தப்பு. அடையாறு பாத்திரம் கொடுத்தது, அதில் ஊற்றிய பயம் அந்தக் காலத்தினுடையது. 1952 நவம்பர் 1இல் எனிவெடோக் தீவில் அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஆடம்ஸ்கி பாலைவனத்துக்குப் போனது பத்தொன்பது நாள் கழித்து. சாலை போடும் இடத்தில் மெக்கானிக்காக இருந்த பெத்துரம், லாக்ஹீட் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஞ்செலூச்சி, இவர்கள் எல்லாரும் அந்தப் பயத்துக்குள் வாழ்ந்தவர்கள். பெரியவர்கள் யாராவது மேலிருந்து வந்து இந்தச் சண்டையை நிறுத்த மாட்டார்களா என்று ஏங்கியிருப்பார்கள். ஆஞ்செலூச்சியின் அனுபவத்தை யுங் ரொம்ப மரியாதையாக எடுத்துப் பேசுகிறார், பைத்தியம் என்று ஒதுக்கவில்லை.

முதல் கேள்வியில் வந்த ஈயம் உருகும் கணக்கும் பிந்தி வந்ததுதான். மாரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்து வெப்பத்தை அளந்தது 1962 டிசம்பர் 14இல். 1952இல் மேகத்துக்குக் கீழே சதுப்புநிலமும் கடலும் இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகளே நினைத்தார்கள். வெள்ளி கொதிக்கிறது என்று தெரிந்த பிறகு வந்தவர்கள் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வருவதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், 1970களில் சுவிட்சர்லாந்தின் பில்லி மையர் மாதிரி.

பிப்ரவரி 21

இன்று இந்த வேலையைச் செய்பவர் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயர் மட்டும். ஹோகன் பிளோம்க்விஸ்ட், ஸ்வீடன். நூலகர். 1973இல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு காப்பகம் தொடங்கினார், இன்று அது நார்ஷோப்பிங் நகரத்தில் இருக்கிறது, ஏஎஃப்யு என்று பெயர். உலகம் முழுவதிலிருந்தும் இறந்துபோன ஆர்வலர்களின் கடிதம், நாடா, பத்திரிகை எல்லாம் அங்கே போய்ச் சேருகின்றன. இவரும் பிரம்மஞானம் படித்தவர், அதனால் சந்தித்தவர்களின் பேச்சில் அந்த வாசனை எங்கே வருகிறது என்று சட்டென்று பிடிப்பார். சந்தித்தவர்களில் சிலருக்கு நிஜமாகவே ஏதோ நடந்தது என்று நினைப்பவர், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நம்புகிறவர் நம்பாதவர் இருவரும் அதே அலமாரியில் போய்த் தேடலாம்.

மார்ச் 1

ஒரு செய்தி. பிப்ரவரி 14 குறிப்பை எங்கள் அத்தை மகள் படித்திருக்கிறாள். போன வாரம் போன் செய்து, அண்ணா, பெரியப்பா நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மா சமையல் குறிப்பு எழுத எடுத்து வந்தது என்றாள். நேற்றுப் போய் வாங்கி வந்தேன். பின்பக்கத்திலிருந்து அத்தையின் வத்தக்குழம்பு, மோர்க்களி, பாவக்காய்ப் பிட்லை. முன்பக்கத்திலிருந்து பெரியப்பா, 1961. குண்டூசி துருப்பிடித்து இரண்டு தாளை ஒட்ட வைத்திருக்கிறது, அதை இன்னும் எடுக்கவில்லை, கிழிந்துவிடுமோ என்று பயம். மூன்றாம் பக்கத்தில் 'சுக்கிரனிலிருந்து வந்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு, கீழே கோடு கிழித்து, பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறார்: 'எப்படி வந்தார்கள்? கேட்க வேண்டும்.'

எண்பத்தாறு பக்கம். இன்று நான்கு பக்கம் படமெடுத்திருக்கிறேன், குழம்பு எண்ணெய் பட்ட பக்கங்கள் மட்டும் வெளிச்சத்தில் சரியாக வரவில்லை. பகலில் ஜன்னலோரம் வைத்து எடுக்கப் பார்க்கிறேன்.